மின்னிக்கு முன்கூட்டியே ஓர் அஞ்சலி

கரியாஹாட் பாகீரதி மாமியின் வாசகர் கடிதம் மூன்றாவது தடவையாக அச்சில் வந்திருந்ததைப் பார்த்ததும், ராகவேந்திரன் பத்திரிகையைக் கடைப்பலகையில் ஓங்கி அடித்தார்.

தொண்ணூற்றாறில் கல்கத்தாத் தமிழர்களைப் பிடித்து ஆட்டிய தொடர்கதை 'ஏழாம் கோளில் ஒரு வீடு'. வேற்றுக் கோளில் குடியேறிய மனிதர்களுக்கு மின்னி என்கிற இயந்திரப் பெண் காவல். மெட்ராஸில் வியாழக்கிழமை வெளியாகும் பத்திரிகை, காளிகாட்டில் செல்வராஜின் கடைக்கு ஞாயிற்றுக்கிழமைதான் வந்து இறங்கும். கட்டைப் பிரிக்கும்போதே பத்துப் பேர் நிற்பார்கள். கிடர்பூர் துறைமுகத்தில் கிளார்க்கான ராகவேந்திரன்தான் அந்தக் கூட்டத்துக்கு அத்தாரிட்டி. மின்னியின் பாட்டரி எத்தனை நாள் தாங்கும் என்று அவரைத்தான் கேட்பார்கள். ஆனால் அவர் எழுதிய பதினெட்டுக் கடிதங்களில் ஒன்றுகூட அச்சேறவில்லை.

"இதெல்லாம் ஒரு லெட்டரா? 'இந்த வாரத் திருப்பம் தூக்கிவாரிப் போட்டது.' என்ன திருப்பம், யாரைத் தூக்கித்து, ஒண்ணும் கிடையாது."

செல்வராஜ் சணல் கயிற்றைச் சுருட்டியபடி சிரித்தார். "அதான் சார் சூட்சுமம். திங்கட்கிழமைக்குள்ள கடுதாசி மெட்ராஸ் போய்ச் சேரணும். நீங்க ஞாயித்துக்கிழமை படிச்சிட்டு எழுதுனா எங்க சேரும்? மாமி வியாழக்கிழமையே எழுதிக் குடுத்துருவாங்க. நான்தான தபால்ல போடுறேன்."

"படிக்காமலா?"

"திருப்பம் இல்லாத வாரம் உண்டா சார்?"

சரக்கே இல்லாமல் மூன்று தடவை விற்றிருக்கிறாள். ராகவேந்திரனுக்கு ஒரு நிமிடம் மரியாதைகூட வந்தது. அடுத்த நிமிடம் வயிறு எரிந்தது.

அந்த வாரம், அமில மழைக்குள் மின்னி தனியாக நடந்து போவதோடு தொடரும் போட்டிருந்தார்கள். அடுத்த இதழைப் பார்க்காமலே வியாழக்கிழமை அவரும் எழுதினார். மாமியைப் போல மொட்டையாக எழுத அவருக்குக் கை வரவில்லை. 'மின்னி, நீ உருகியபோது கிடர்பூரில் ஓர் இதயமும் உருகியது' என்று ஆரம்பித்து, இரண்டு பக்கம் துக்கம் கொண்டாடி, தபாலில் சேர்த்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கட்டுப் பிரிந்தது. மின்னி பெயின்ட்கூட உரியாமல் மழையிலிருந்து வெளியே வந்து நின்றாள்.

இத்தனை நாளில் முதன்முறையாக, தன் கடிதம் அச்சேறக் கூடாது என்று வேண்டிக்கொண்டார். இரண்டு வாரம் கழித்து அது முழுசாக வந்தது. கீழே கட்டம் கட்டிப் பத்திரிகையின் பதில் வேறு: 'மின்னி நலம். ஆனாலும் உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுக் கதாசிரியர் அதை எடுத்து வைத்துக்கொண்டார். கண்ணீரைக் கைவசம் வைத்திருங்கள்.'

கடையே சிரித்தது. "கருமாதி என்னிக்கு சார்?" என்றார் ஒருவர். ராகவேந்திரன் தலை நிமிரவில்லை.

மாமி மட்டும் சிரிக்கவில்லை. அந்தக் கட்டத்தை இரண்டு தடவை படித்தாள்.

"பதில் எல்லாருக்கும் போடுவாளோ?"

"நான் பாத்ததில்ல மாமி," என்றார் செல்வராஜ். "இதான் மொதத் தடவ."

"கதை எழுதறவரே படிச்சாராமா?"

"அப்படித்தான போட்ருக்கு."

"படிக்காம எழுதினா இப்படித்தான் மானம் போகும்," என்றாள் மாமி.

ராகவேந்திரன் மெல்லத் தலை நிமிர்ந்தார். "வாஸ்தவம் மாமி. உங்களை மாதிரி ஜாக்கிரதையா எழுத எனக்கு வரலையே."

எப்போதும் அங்கேயே நின்று அத்தியாயத்தைப் படித்து முடித்துவிட்டுப் போகிறவள், அன்று பத்திரிகையைக் கடைப்பலகை மேலேயே வைத்துவிட்டு கரியாஹாட் பக்கம் ரிக்ஷா ஏறினாள்.

ராகவேந்திரன் அந்தப் பிரதியையும் சேர்த்து வாங்கிக்கொண்டார்.