கூட வந்தவர் வெளியே

"போன ஒரு வாரத்தில் மாடிப்படி ஏறும்போது உங்கள் முழங்காலில் வலி எவ்வளவு?" என்று ஆஸ்பத்திரியில் அந்தத் தம்பி தாளைப் பார்த்துப் படித்தான். "லேசா இருக்கும்" என்றேன் நான். அவன் பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"ஐயா, முழங்கால் உங்களுதா?"

என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சுருக்கென்றது. எந்த டாக்டரிடம் போனாலும் அவளுக்காகப் பேசுவது நான்தான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டுவாள், டாக்டர் எழுதுவார், வேலை முடிந்தது. ஆனால் இது வைத்தியம் இல்லையாம், ஆராய்ச்சியாம். மூட்டு தேய்ந்தவர்களில் பாதிப்பேருக்கு மாத்திரை, மீதிப்பேருக்கு உடற்பயிற்சி. எதில் வலி குறைகிறது என்று பார்க்க அவ்வப்போது வரச்சொல்லி அதே கேள்விகளைக் கேட்பார்களாம். "எக்ஸ்ரேல எலும்புதான் தெரியும், வலி தெரியாது. வலி யாருக்கோ அவங்கதான் சொல்லணும். பெரிய டாக்டர் வந்து சொன்னாகூட எழுதமாட்டோம். அம்மா கண்ணாடிய மறந்துட்டாங்க, அதனால நான் படிச்சுக் காட்டுறேன். ஒரு வார்த்தை கூட்டிச் சொல்ல எனக்கே அனுமதியில்ல. நீங்க கொஞ்சம் வெளிய உக்காருங்க" என்றான்.

நேற்று முளைத்த மீசை. என்னை வெளியே போகச் சொல்கிறது.

கதவு முழுசாகச் சாத்தவில்லை. நான் லிஃப்ட் மெக்கானிக். சரியாக மூடாத கதவைப் பார்த்தால் கை தானாகப் போகும். அன்றைக்குக் கையைக் கட்டிக்கொண்டு காதைத் தீட்டி வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு கேள்வியையும் படித்துவிட்டு "இல்லை, லேசு, மிதம், கடுமை, மிகக் கடுமை" என்று அவன் நிதானமாகச் சொல்கிறான், அவள் ஒன்றைப் பொறுக்குகிறாள். நாற்காலியிலிருந்து எழும்போது? மிதம். கடைக்குப் போய்வரும்போது? கடுமை. எனக்குச் சிரிப்பு வந்தது. கடைக்குப் போனால் பக்கத்து வீட்டுக்காரியோடு பேசிப் பேசி நேரம் போவதே தெரியாமல் திரும்புகிறவள் இவள். கொஞ்சம் செல்லம் கொடுத்தால் போதும், ஏறி உட்கார்ந்துகொள்வாள் என்று நினைத்தேன்.

"படுக்கையில் புரண்டு படுக்கும்போது?"

அவள் உடனே ஒன்றைப் பொறுக்கவில்லை. அவனும் அவசரப்படுத்தவில்லை.

"மிகக் கடுமைன்னு போடு தம்பி. திரும்பினா உசுரு போயிடும். அவரு முழிச்சுக்குவாருன்னு அப்படியே அசையாம கெடப்பேன்."

அவரு என்பது நான். கை நீட்டினால் தொடும் தூரத்தில் படுத்திருப்பவன். பரிதாபப்பட்டேன் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். பட்டது பொறாமை. முதலில் வந்தது அதுதான். என்னிடம் சொல்லாததை எவனோ ஒருத்தனிடம் சொல்லிவிட்டாளே என்று வயிறு எரிந்தது. அதற்குப் பிறகு அவள் வேறு ஏதோ சொன்னாள், இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். என்னவென்று காதில் விழவில்லை. அந்தச் சிரிப்புதான் இன்னும் எரிச்சல்.

பஸ்ஸில் அவளுக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. முகம் தெளிவாக இருந்தது, கழுவித் துடைத்தது மாதிரி.

"அந்தத் தம்பி எவ்வளவு பொறுமையா கேக்குது பாத்தீங்களா?"

"சம்பளம் குடுக்கறாங்க, கேக்கறான்."

"சம்பளம் வாங்காதவங்க யாரு கேட்டாங்க?" என்றாள் ஜன்னல் பக்கம் பார்த்தபடி. கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னாள்.

வீட்டுக்கு வந்தும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அடுத்த முறை அவன் கேட்கும்போது புதிதாக ஒன்றும் மிச்சமிருக்கக்கூடாது, எல்லாவற்றையும் நான் முன்னாலேயே கேட்டு வைத்துவிட வேண்டும் என்று வீம்பு பிடித்தது. சாயங்காலம் அவள் கட்டிலருகே நின்று துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். தொண்டையைச் செருமினேன்.

"முழங்கால்ல வலி எவ்வளவு இருக்கு?"

அவள் சட்டையை மடித்த கையோடு என்னைப் பார்த்தாள். கேலி செய்கிறேனா என்று பார்த்தாள்.

"லேசாத்தான்."

"அது நான் சொன்ன பதில். நீ சொல்லு."

சட்டையைக் கீழே வைத்தாள். அந்தத் தாளில் முதல் கேள்வி எப்படி ஆரம்பித்ததோ அப்படியே கேட்டாள்: "போன ஒரு வாரத்திலயா?"

"இல்ல. வலிக்க ஆரம்பிச்ச நாள்லேருந்து."

அவள் கீழே வைத்த சட்டையின் மடிப்பை நீவினாள். நானும், அவனைப் போல, அவசரப்படுத்தாமல் இருக்கப் பார்த்தேன். அது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. பிறகு கட்டில் விளிம்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்காரத் தொடங்கினாள். வழக்கமாக நான் இருக்கும்போது சட்டென்று உட்கார்ந்துவிடுவாள். அன்றைக்குப் பாதியில் நின்றாள். கண்ணை இறுக்கி மூடினாள். பல்லுக்கு நடுவே காற்றை இழுத்து ஒரு சத்தம் போட்டாள், சின்னதாக. இத்தனை வருஷத்தில் நான் கேட்காத சத்தம். அவன் கேட்டிருப்பானோ?

அவள் கண்ணைத் திறக்காமலே இன்னொரு கையை நீட்டினாள், பிடிக்க ஏதாவது கிடைக்குமா என்று காற்றில் தேடிக்கொண்டு.