படத்தில் இருந்த ஓட்டை

"படகுல ஓட்டை இருக்கே அத்தை, கதை ஏன் அதைச் சொல்லவே மாட்டேங்குது?"

பட்டாணி இப்படிக் கேட்டபோது அவளுக்கு நான்கு வயது. எலியும் தவளையும் படகில் போகிற படப்புத்தகம் அது. பக்கத்துக்கு ஒரே வரி. 'நல்ல காற்று வீசியது.' 'இருவரும் பாட்டுப் பாடினார்கள்.' படத்திலோ படகின் அடியில் ஓர் ஓட்டை. பக்கத்துக்குப் பக்கம் தண்ணீர் ஏறிக்கொண்டே வரும். எழுத்தில் அதைப் பற்றி மூச்சே இல்லை.

"எழுதினவர் மறந்திருப்பாருடி" என்று அத்தை பக்கத்தைப் புரட்டிவிட்டாள்.

உண்மையில் அந்தப் புத்தகத்தைப் பட்டாணியின் அம்மா வாங்கியது மகளுக்காக அல்ல, நாத்தனாருக்காக. அத்தை பகலெல்லாம் கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துவாள்; வீட்டுக்கு வந்து நாவல் எழுதுவாள். பதிப்பகங்கள் திருப்பி அனுப்பிய அந்த நாவலை முழுக்கப் படித்த ஒரே ஜீவன் அண்ணிதான்.

"நல்லாத்தான் எழுதுற. ஆனா ஒருத்தி அழுதா கண்ணீர், கன்னம், தலையணைன்னு எல்லாத்தையும் நீயே சொல்லிடுற. எனக்குன்னு எதையும் மிச்சம் வைக்க மாட்டேங்குற. இதைப் படிச்சுப் பாரு."

"என்னை ஒண்ணாங்கிளாஸ்ல சேர்த்துட்டீங்களா அண்ணி?"

"அங்க இடம் கிடைச்சா சேரு. அப்படியே என் கண்ணாடிக் கம்பி லூசா ஆடுது, முடுக்கிக் குடு."

"நாளைக்கு" என்றாள் அத்தை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. புத்தகம் பட்டாணி கைக்குப் போயிற்று. அந்த 'நாளைக்கு' வரவேயில்லை.

போன வாரம் ஆஸ்பத்திரியில் அண்ணி கண்ணை மூடினாள். குரல் தேய்ந்துபோயிருந்த கடைசி நாட்களில் நாத்தனாரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "பட்டாணிகிட்ட நீதான் சொல்லணும். உங்கண்ணனால முடியாது. சுத்தி வளைக்காம சொல்லு." அத்தை சரி என்று தலையாட்டினாள்.

ஆனால் வீட்டில் அண்ணன் முந்திக்கொண்டான். "அம்மா ஊருக்குப் போயிருக்கா" என்றான். வந்து போனவர்களும் வாசலிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து, "சாப்பிட்டியா செல்லம்?" என்றார்கள்.

"எத்தனை நாளைக்குண்ணா இப்படி?" என்று அத்தை கேட்டாள்.

"பச்சைக் குழந்தை தாங்குமா? உன் கதையெல்லாம் பேப்பரோட நிறுத்திக்கோ."

அவன் கல்நெஞ்சக்காரன் அல்ல. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்துக்குள் நின்று அழுகிறவன். அத்தையும் ஒவ்வொரு நாளும் பஸ்ஸில் நட்சத்திரம், பறவை, நீண்ட தூக்கம் என்று வாக்கியங்களைக் கோத்துக்கொண்டு வருவாள். வீட்டுப் படி ஏறியதும் நேரே சமையலறைக்குள் போய்விடுவாள்.

ஞாயிற்றுக்கிழமை, ஆஸ்பத்திரியில் விட்டுப்போன துணிமணிகளை எடுத்துவர அண்ணன் கிளம்பிப் போனான். வீட்டில் இவர்கள் இருவர் மட்டும். பட்டாணி அலமாரியிலிருந்து அம்மாவின் கண்ணாடியை எடுத்து மடியில் வைத்திருந்தாள்.

"இது இல்லாம அம்மாவுக்குப் பஸ் நம்பர் தெரியாதே அத்தை. ஊருக்கு எப்படிப் போனாங்க?"

அத்தை சமையலறைப் பக்கம் திரும்பினாள்.

"அப்பா குழாய்க்குள்ள அழுவுறாரு. நீ சோறு போடும்போது என் முகத்தைப் பார்க்கவே மாட்டேங்குற."

அப்போதுதான் அத்தைக்கு உறைத்தது. பெரியவர்கள் வரிகளைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளை படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வாரமாகத் தண்ணீர் ஏறுவதை, துணைக்கு ஆளில்லாமல், தன்னந்தனியாக.

'கடவுளே, நாலு வார்த்தை குடு. அஞ்சாவது வேண்டாம்' என்று வேண்டிக்கொண்டு அவள் தரையில் உட்கார்ந்தாள்.

"பட்டாணி, படகு ஓட்டையைக் கதை ஏன் சொல்லலைன்னு கேட்டியே?"

"எழுதினவர் மறந்துட்டாருன்னு சொன்ன."

"தப்பாச் சொல்லிட்டேன். அவர் மறக்கல. நீ பார்த்துக்குவேன்னு நம்பினாரு. நாங்கதான் உன்னை நம்பல."

பட்டாணி மடியிலிருந்த கண்ணாடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா செத்துப்போயிட்டாங்க, கண்ணு. இனிமே வர மாட்டாங்க."

நட்சத்திரமும் பறவையும் நுனிநாக்கில் வந்து நின்றன. அத்தை அவற்றை விழுங்கிக்கொண்டாள். இத்தனை வருடம் எழுதியதில் இப்படி ஓர் இடத்தில் அவள் நிறுத்தியதே இல்லை.

பட்டாணி உடனே அழவில்லை. புத்தகத்தை எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திறந்தாள். அதில் வரியே கிடையாது. கரை மணலில் எலியும் தவளையும் ஒட்டி உட்கார்ந்திருந்தன.

"படகு இல்ல" என்றாள்.

"இல்லடா."

"ரெண்டு பேரும் நனைஞ்சிருக்காங்க."

"ஆமாம்."

அதற்குப் பிறகுதான் குழந்தை அழுதாள். வெகுநேரம் அழுதாள். அத்தை அவளை மடியில் போட்டுக்கொண்டு, ஒரு வார்த்தையும் சேர்க்காமல் இருந்தாள்.

அழுது ஓய்ந்து பட்டாணி தூங்கிப்போனாள். அண்ணன் இன்னும் வரவில்லை. வந்தால் கோபப்படுவான், படட்டும். அத்தை கைப்பையிலிருந்து கடையின் சின்ன ஸ்குரூடிரைவரை எடுத்து, அண்ணியின் கண்ணாடிக் கம்பியை நிதானமாக முடுக்கினாள். ஆட்டிப் பார்த்தாள், ஆடவில்லை. இரண்டு லென்ஸையும் துடைத்து, அலமாரியில் பட்டாணிக்குக் கை எட்டுகிற தட்டில் வைத்தாள்.