கிரேசுக்கு ஒரு காலைப் பலகாரம்

ஏலக்காய் மூட்டைக்குள் பயறு முளைக்க வைத்த ஆள் போடிநாயக்கனூரில் தங்கபாண்டியனுக்கு முன்னால் ஒருவரும் இல்லை. இனியும் இருக்கப்போவதில்லை. ஊர் அந்தக் கதையை ஒரே நாளில் கேட்டு முடித்துவிட்டது.

நடந்தது இவ்வளவுதான். பச்சைப்பயறை ஊறவைத்துத் துணியில் முடிந்து வைத்தான். மலைக்காற்றின் குளிருக்கு இரண்டு நாளாகியும் ஒரு முளைகூட மூக்கை நீட்டவில்லை. கதகதப்பான இடமாக வீடு முழுக்கத் தேடிவிட்டு, கடைசியில் கடையின் பின்கட்டில் பாதி காலியாக நின்ற ஏலக்காய் மூட்டை ஒன்றைக் கண்டான். அதன் நடுவில் ஈர முடிச்சைப் புதைத்து, வாயை இறுக்கிக் கட்டினான். மறுநாள் பயறு அமோகமாக முளைத்திருந்தது. சுற்றியிருந்த ஐந்து கிலோ முதல் தரக் காய் ஈரத்தைக் குடித்து உப்பி, பச்சை வெளுத்து, மழையில் நனைந்த கோழி மாதிரி உட்கார்ந்திருந்தது.

தரம் பிரிக்கும் வேலுத்தாய் முறத்தைக் கீழே வைத்துவிட்டு மூட்டைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"அண்ணே, அடுத்த தடவ ரெண்டு வெங்காயத்தையும் உள்ள போட்டு வைங்க. மூட்டையோட தூக்கி அடுப்புல வச்சிரலாம்."

"நீ உன் சோலியப் பாரு வேலுத்தாயி."

"என் சோலியே இந்த மூட்டதான்ணே. அதான் பாக்குறேன்."

கிரேஸ் வந்தாள். ஒரு காயை எடுத்து உரித்து, உள்ளே இருந்த ஏல அரிசியை முகர்ந்து பார்த்து, "ம்" என்றாள். அவளுடைய 'ம்' கோபமா, வருத்தமா, வெறும் 'ம்'மா என்று இருபத்திரண்டு வருடம் குடும்பம் நடத்தியும் தங்கபாண்டியனுக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை.

மூட்டை போனாலும் பயறாவது உதவும் என்று அதை அரைத்து அடை வார்த்தான். உப்பு, சீரகம், இஞ்சி எல்லாம் போட்டும் அடை பாயசமாக மணந்தது. பத்து வயதிலிருந்து அப்பாவின் கடையில் அந்த வாசத்துக்குள்ளேயே உட்கார்ந்திருந்த கிரேசுக்கு ஏலக்காய் வாயில் படக்கூடாது. டீயில் போட்டால் தம்ளரைத் தள்ளி வைத்துவிடுவாள். இனிப்பும் அப்படித்தான். காலையில் அவளுக்கு உப்பும் உறைப்புமாகத்தான் இறங்கும்.

அப்படி இறங்கிக்கொண்டிருந்தது முட்டை. ரெண்டு முட்டை, மேலே மிளகுத்தூள், ஏழு மணிக்குக் கடை. இருபது வருட வழக்கம். போன வருடம் வயிறு கெட்டு, தேனியில் ஒரு டாக்டரிடம் போய், குழாய் விட்டுப் பார்த்தார்கள். டாக்டர் நீளமாக ஒரு பெயர் சொன்னார். தங்கபாண்டியனுக்குப் புரிந்தவரையில், கிரேசின் குடலுக்குக் கோபம் வந்திருந்தது. முக்கியமாக முட்டைமேல் கோபம். தின்ற ஒவ்வொரு தடவையும் வயிற்றைப் பிசைந்து அவளைச் சுருட்டிப் போட்டது.

"முட்டை வேணாம். பால், மிளகாயும் நிப்பாட்டுங்க. ஆனா புரதம் கொறையக்கூடாது, எடை இன்னும் எறங்கக்கூடாது. நாப்பத்தி நாலு கிலோ வரட்டும், அப்புறம் மலைக்குப் போறதப் பத்திப் பேசுவோம்" என்றார் டாக்டர்.

அப்போது அவள் நாற்பத்தொரு கிலோ.

மலைதான் கிரேசின் உயிர். சீசனில் வாரம் ரெண்டு தடவை சுருளியின் ஜீப்பில் ஏறிக் குரங்கணிக்கும் அதற்கு மேலேயும் போய், தோட்டக்காரர்களிடம் காயை நேரில் பார்த்து வாங்கி வருவாள். இந்த சீசனில் அவளுக்குப் பதிலாகத் தங்கபாண்டியன் போனான். கடைக்கு அவன் மாப்பிள்ளையாக வந்தவன். மூட்டை தைப்பான், வேன் ஓட்டுவான். காய் பார்க்கத் தெரியாது. அவன் கண்ணுக்கு எல்லாக் காயும் பச்சை. முதல் நாளே ஒரு லோடு பிஞ்சு வாங்கி வந்தான். இரண்டாவது நாள், போன நாள் பட்டது போதும் என்று, நல்ல காயை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தான்.

சுருளி தினமும் கடை வாசலில் ஜீப்பை நிறுத்தி அதே சேதியைச் சொல்வான். "மேல எல்லாரும் கேக்குறாய்ங்கண்ணே. அக்கா எப்ப வரும்னு. அண்ணன் வந்தாப் பத்தாதாய்யான்னேன். சிரிக்கிறாய்ங்க."

"நீயும் சிரிச்சியா?"

"வண்டி ஓட்டுறப்ப சிரிக்க மாட்டேண்ணே. எறங்கித்தான் சிரிச்சேன்."

ஆகவே நாலு மணிக்கு எழுந்து சமைப்பதைத் தங்கபாண்டியன் கையில் எடுத்தான். மலையில் கெடுத்ததை அடுப்படியில் சரிக்கட்டிவிடலாம் என்று ஒரு கணக்கு. முட்டைக்கு மாற்றாக இந்த உலகத்தில் எதுவெல்லாம் உண்டோ அதையெல்லாம் செய்து பார்த்தான். கொள்ளை வேகவைத்துச் சுண்டல். தோல் நீக்கிய பாசிப்பருப்பில் தோசை. பொட்டுக்கடலை மாவில் உப்புப் போட்டுக் கஞ்சி. சோயா உருண்டையைப் பிழிந்து உதிர்த்து உப்புமா. தேனியில் ஒரு பெரிய கடையில் சோயாப்பாலில் செய்த கட்டி என்று ஒன்றைக் கண்டு வாங்கி வந்து வதக்கினான். அவனே ஒரு துண்டை மென்று பார்த்துவிட்டு, பாத்திரம் கழுவுகிற பஞ்சைத் தவறி வதக்கிவிட்டோமோ என்று தொட்டியை ஒரு தடவை பார்த்துக்கொண்டான். ஒரு செவ்வாய்க்கிழமை சந்தையில் விரால் மீன் கிடைத்தது. ஆவியில் வேகவைத்து, முள்ளை எடுத்து, இஞ்சியும் சீரகமும் கறிவேப்பிலையும் போட்டு நல்லெண்ணெயில் புட்டாக உதிர்த்துக் கொடுத்தான்.

ஒவ்வொன்றையும் கடைக்கு டப்பாவில் கட்டிக் கொடுத்துவிட்டு, சாயங்காலம் அவள் வந்ததும் எதிரில் நின்று கேட்பான்.

"எப்டி இருக்கு?"

"பரவால்ல."

கொள்ளுக்கும் பரவாயில்லை. கஞ்சிக்கும் பரவாயில்லை. பஞ்சுக்கும் பரவாயில்லை.

குறை சொல்லவும் முடியாது. ஏலக்காய் வாங்குகிறவர்களின் வாயே அப்படித்தான். காயைப் பார்த்து 'நல்லாருக்கு' என்று வியாபாரி சொன்ன மறுநொடி விற்பவன் விலையை ஏற்றுவான். மட்டம் என்று சொன்னால் மனம் முறிந்து அடுத்த கடைக்குப் போவான். அதனால் ஆகச் சிறந்த காய்க்கும் ஆக மோசமான காய்க்கும் ஒரே முகம், ஒரே சொல். கிரேஸ் இந்த வித்தையை அவள் அப்பாவிடம் கற்றவள். பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளை எப்படி என்று கேட்டதற்கும் அவள் 'பரவால்ல' என்றுதான் சொன்னாளாம். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு தங்கபாண்டியன் இன்றுவரை காலம் தள்ளுகிறான்.

முகம் ஏமாற்றினாலும் தராசு ஏமாற்றாது என்று நினைத்தான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டு வந்ததும் மூட்டை நிறுக்கும் தராசில் கிரேஸ் ஏறி நிற்பாள். முதல் வாரம் நாற்பத்தொன்று. இரண்டாம் வாரம் அதற்கும் நூறு கிராம் கீழே. மூன்றாம் வாரம் அதே. தங்கபாண்டியன் அந்தச் சிவப்பு எண்ணைப் பார்த்துவிட்டு, "தராசுக்குக் கண்ணு தெரியல" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, பின்கட்டுக்குப் போய் வேலை ஏதும் இல்லாமல் சாக்குகளை மடித்துக்கொண்டிருப்பான்.

அந்த வாரத்தில் அவனுக்கு ஒரு சந்தேகம் முளைத்தது. வேலுத்தாயின் கன்னம் பளபளவென்று உப்பிக்கொண்டு வந்தது.

"வேலுத்தாயி, உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்கண்ணே."

"நான் காலைல அக்காவுக்குக் கட்டிக் குடுக்குற டப்பா. அத அக்காதான திங்குது?"

"டப்பா தெனமும் கழுவித்தானண்ணே வீட்டுக்கு வருது."

"கழுவுறது இருக்கட்டும். காலி பண்றது யாரு?"

வேலுத்தாய் முறத்தை ஒரு தட்டுத் தட்டினாள். "எனக்கென்னண்ணே தெரியும். நான் காயப் பாத்தேனா, டப்பாவப் பாத்தேனா." பிறகு, போகிற போக்கில், "சோயாவுக்கு உப்புப் பத்தலண்ணே" என்றாள்.

அதற்கு மேல் கேட்கத் தைரியம் வரவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே.

நாலாம் ஞாயிறு. மறுநாள் தேனியில் டாக்டரைப் பார்க்க வேண்டும். கிரேஸ் சர்ச்சிலிருந்து வந்த நீலச் சேலையோடு தராசில் ஏறினாள். தங்கபாண்டியன் எண்ணைப் பார்த்தான். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தான்.

நாற்பத்திரண்டு தொள்ளாயிரம்.

"கிரேசு. ஏப்பா கிரேசு. ஏறிட்டியேப்பா." குரல் அவனுக்கே வேறு ஆளுடையது மாதிரி கேட்டது. விரல் விட்டு எண்ணினான். "இந்த வாரம் என்ன செஞ்சேன்? திங்கள் கொள்ளு. புதன் கொள்ளு அடை. நேத்து கொள்ளுச் சுண்டல். கொள்ளுதான்! நான் ஒரு கூமுட்ட, உலகம் பூரா தேடிக்கிட்டுத் திரிஞ்சேன். இனி மூணு வேளையும் கொள்ளுதான் உனக்கு. இந்தா, இப்பவே ரெண்டு கிலோ ஊறப்போட்டுர்றேன்."

கிரேசின் முகத்தில் அதுவரை அவன் கண்டறியாத ஒன்று ஓடியது. பயம்.

"இருங்க" என்று அவசரமாகத் தராசிலிருந்து இறங்கினாள். இறங்கிய வேகத்தில் இடுப்பிலிருந்து ஒரு சுருக்குப்பை நழுவி, சிமெண்டுத் தரையில் டங்கென்று விழுந்தது. அதிலிருந்து ஒரு படிக்கல் உருண்டு வந்து தங்கபாண்டியனின் கால் கட்டைவிரலுக்கு ஒரு விரற்கடை தள்ளி நின்றது. இரண்டு கிலோ என்று அதன் முதுகில் எழுதியிருந்தது.



"மலைக்குப் போறதுக்கா?" என்று மெதுவாகக் கேட்டான்.

கிரேஸ் குனிந்து காலிச் சுருக்குப்பையை எடுத்தாள்.

"டாக்டர்கிட்டயும் இதக் கட்டிக்கிட்டா வரப்போற? அங்க கல்லு கீழ விழுந்தா டாக்டருக்கே வைத்தியம் பாக்கணும்."

"அங்க இல்ல. இங்க மட்டுந்தான்." அவள் மூட்டையின்மேல் உட்கார்ந்தாள். "டாக்டருகிட்ட உள்ளதச் சொல்லிக்கிறலாம். அந்தாளு நாலு மணிக்கு எந்திரிச்சி அடுப்பு மூட்டலயே. நீங்க ஒவ்வொரு வாரமும் தராசப் பாத்துட்டுச் சிரிச்சிட்டு, அங்கிட்டுப் போயி மடிச்ச சாக்கையே மடிச்சிக்கிட்டு நிக்கிறீக. அதப் பாக்க முடியல. ஒரு வாரமாவது நெசமாச் சிரிக்கட்டுமேன்னு கட்டுனேன்."

  தங்கபாண்டியன் கல்லை எடுத்து மேசைமேல் வைத்தான். அவளுக்கு எதிரில் இன்னொரு மூட்டையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"ஏலக்காயா நெனைக்காத. நான் விலைய ஏத்த மாட்டேன். கோவிச்சுக்கிட்டு அடுத்த கடைக்கும் போக மாட்டேன், எனக்குப் போக்கிடம் இல்ல. இத்தன நாள் நான் செஞ்சதுல உனக்கு எது ஒத்துக்கிச்சு, எது ஒத்துக்கல? பரவால்லங்கிற வார்த்த மட்டும் வேணாம்."

கிரேஸ் தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டாள். மலையில் விலை பேசி முடிக்கும்போது செய்வதுபோல ஒரு தடவை மூச்சை இழுத்து விட்டாள்.

"கொள்ளு தின்ன அன்னைக்கெல்லாம் வயிறு பந்து மாதிரி ஊதிக்கிட்டு, மத்தியானம் வரைக்கும் நிமிர முடியல. பொட்டுக்கடலக் கஞ்சியும் அப்டித்தான், நெஞ்சக் கரிச்சுச்சு. சோயா வாயிலயே வைக்கல, எல்லாம் வேலுத்தாயிக்குப் போச்சு. அந்தப் பஞ்ச அவளும் திங்கல. நாயிக்கு வச்சோம், மோந்து பாத்துட்டுப் போயிருச்சு. பாசிப்பருப்புத் தோச ஒண்ணும் செய்யல, நல்லா மெல்லிசா வாத்தா ரெண்டு திம்பேன்."

"அப்ப மீனு?"

"அந்த விரால்மீன் புட்டு நல்லாருந்துச்சுங்க. முட்டைய மறந்துட்டேன் அன்னைக்கு. வயிறும் சாயங்காலம் வரைக்கும் சும்மா கெடந்துச்சு. டப்பாவ வழிச்சித் தின்னேன், வேலுத்தாயிக்கு ஒரு வாய் குடுக்கல. மறுநாளும் வரும்னு பாத்தா நீங்க சோயாவத் தூக்கிட்டு வந்து நின்னீக. ஒரு நாள் மீனு, ஒரு நாள் பாசிப்பருப்பு, மாத்தி மாத்தி அதையே போடுங்க. வேற ஒண்ணும் செய்ய வேணாம். இஞ்சிய மட்டும் கொஞ்சம் கொறைச்சுக்கங்க."