மூன்றில் இரண்டு ஸ்டட்

என் வீட்டுக்காரர் சுப்புராமனுக்கு அணு ஆராய்ச்சி வளாகத்தில் வேலை. என்ன வேலை என்று யாராவது கேட்டால், "ஏதாவது தப்பா நடந்தா எல்லாத்தையும் நிறுத்துற வேலை" என்பார். அங்கே எதுவும் தப்பாக நடப்பதில்லை. அதனால் மனிதர் தன் திறமையை எல்லாம் வீட்டுக்கு வந்து காட்டுவார். குக்கர் கொஞ்சம் பலமாக விசில் அடித்தால் போதும், ஓடிவந்து அடுப்பை அணைத்துவிட்டு, காரணம் என்ன என்று என்னை விசாரிப்பார். வேகாத பருப்பில் நான் சாம்பார் வைத்த நாட்கள் அதிகம்.

எங்களுக்கு ஒரே மகள், வைஷாலி. பிளஸ் டூ படித்தாள், அதாவது படித்ததாகப் பேர். மற்ற நேரமெல்லாம் கால்பந்து. 2002-ல் திருப்போரூரில் ஒரு மேட்ச். மழை பெய்து களிமண் பிசுபிசுவென்று கிடந்தது. பந்தோடு ஓடினவள் சட்டென்று இடது பக்கம் திரும்பினாள். ஷூவின் அடியில் பிடிப்புக்காக இருக்கிற குமிழ், அதாவது ஸ்டட், மண்ணை விடவில்லை. உடம்பு திரும்பிவிட்டது, பாதம் திரும்பவில்லை. அவள் அலறிய அலறல் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. அவர்தான் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

"பாதம் ஒரு பக்கம், இடுப்பு ஒரு பக்கம் போச்சு. நடுவுல முட்டி என்னம்மா பண்ணும்?" என்றார் செங்கல்பட்டு டாக்டர். குணமாகி, பயிற்சியெல்லாம் செய்து, மறுபடி ஓட ஆரம்பித்தாள். ஆனால் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இன்னொரு தடவை அதே மாதிரி முறுக்கினால், கால்பந்தை மறந்துவிட வேண்டியதுதான்.

அடுத்த ஆண்டு செங்கல்பட்டில் மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கப்போவதாக அறிவித்தார்கள். முந்தின தேர்வின்போது அவள் கட்டிலில் கிடந்தாள். இதையும் விட்டால் வயது தாண்டிவிடும். போகாதே என்று அவர் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒரு நாள் சண்டையோடு போயிருக்கும். "ஷூவை மாத்தணும்" என்றார். பிடித்தது சனி.

அவருடைய யோசனை கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. ஸ்டட் நீளமாக இருந்தால் பிடிப்பு அதிகம், ஆனால் திரும்பும்போது பாதம் மாட்டிக்கொள்ளும். குட்டையாக இருந்தால் சுலபமாகத் திரும்பலாம், ஆனால் வழுக்கும். ஆகவே ஷூவின் முன்பாதத்தில் ஒரு வட்டத் தகடு. தகட்டின் அடியில் மூன்று ஸ்டட், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்பிரிங். ஆபத்தான முறுக்கு வந்தால் ஸ்டட் அழுந்தும், பூட்டு விடுபடும், தகடு மண்ணில் நிற்க, கால் மட்டும் சுழலும். முட்டி தப்பிக்கும்.

"ஒரு ஸ்டட் அழுந்தினா போதுமா?" என்றேன், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல்.

"ஒண்ணை நம்பக்கூடாது பிரபா. அது கல்லு மேல பட்டிருக்கலாம். மூணுல ரெண்டு சொல்லணும். எங்க ஆபீஸ்ல எல்லாமே மூணுல ரெண்டுதான்."

நாட்டில் அரசியல் சட்டத்தைத் திருத்துவதற்கு வேண்டிய மெஜாரிட்டி என் மகள் பந்தை உதைப்பதற்கும் வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் சாப்பாட்டு மேஜையில் ஆய்வுக் கூட்டம். கூட வேலை செய்கிற வாசுதேவனும் சதாசிவமும் வந்தார்கள். வடையைத் தின்றுகொண்டே கேள்வி கேட்டார்கள். பூகம்பம் வந்தால் ஷூ என்ன ஆகும்? கரண்ட் போனால்? "ஷூவுக்குக் கரண்டே இல்லையே" என்றேன் நான். "இல்லைன்னாலும் கேட்டுத்தான் ஆகணும்மா" என்றார் சதாசிவம், சட்னியை வழித்தபடி.

அன்று நடந்த உண்மையான விபரீதம் எனக்குப் பிறகுதான் புரிந்தது. எந்த அளவு முறுக்கில் பூட்டு விடுபட வேண்டும் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். வாசுதேவன், பாதுகாப்புக்காக அதைக் கொஞ்சம் குறைத்தார். சதாசிவம், பொறுப்புள்ளவர், இன்னும் கொஞ்சம் குறைத்தார். கடைசியில் என் வீட்டுக்காரர், பெற்ற தகப்பன் ஆயிற்றே, தன் பங்குக்குக் குறைத்தார். கூட்டுக்குடும்பத்தில் மாமியார், மருமகள், நாத்தனார் மூன்று பேரும் ஆளுக்கொரு தடவை சாம்பாரில் உப்புப் போட்ட கதைதான்.

ஷூவைச் சோதிக்க ஒரு கால் வேண்டும். மகள் காலைத் தர நான் சம்மதிக்கவில்லை. உடனே பி.வி.சி. குழாயில் ஒரு கால் செய்தார். முட்டிக்குக் கதவுக் கீல். தொடையில் மணல் மூட்டை. வைஷாலியின் பழைய சாக்ஸும் புது ஷூவும் மாட்டிக்கொண்டு அது எங்கள் குளியலறை மூலையில் நின்றது. வீட்டு வேலைக்கு வருகிற வேண்டா என்ற பெண் பார்த்துவிட்டுப் போட்ட கூச்சலில் பக்கத்து குவார்ட்டர்ஸ் முழுக்கக் கூடிவிட்டது.

சோதனையை எங்கே செய்வது? "விழுந்த மண்ணுலதான் செய்யணும்" என்றார். ஆகவே நாங்கள் இரண்டு பேரும் காலைத் தூக்கிக்கொண்டு திருப்போரூர் பஸ் ஏறினோம். மகள் வர மறுத்துவிட்டாள், புத்திசாலி.

கண்டக்டர் காலை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னா சார் இது? காலு கீது, ஆளு எங்க?"

"லக்கேஜ் போட்டுக்குங்க" என்றார் இவர்.

மாமல்லபுரம் தாண்டி ஒரு குப்பத்தில் மீன் கூடையோடு ஏறிய அம்மாள் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆதியம்மாள் என்று பேர் சொன்னாள். "யாருக்கு யக்கா வேண்டிகினீங்க?" என்று கேட்டாள். எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகுதான் உறைத்தது. கை கால் சுகமானால் தகட்டில் கை கால் செய்து திருப்போரூர் முருகன் உண்டியலில் போடுவார்கள் இல்லையா, அந்தக் கணக்கில் எங்களைச் சேர்த்துவிட்டாள்.

"பொண்ணுக்கு. முட்டி" என்றேன். பொய் இல்லையே.

"எல்லாரும் இத்தினிக்கூண்டு தகடு போடுவாங்கோ. நீங்க முழுக்காலே செஞ்சிகினு வந்துகிறீங்களே!" என்று காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பஸ் முழுக்கச் சேதி பரவியது. கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு காசைக் கொடுத்தார். முன் சீட்டில் இருந்தவர் எழுந்து காலுக்கு இடம் கொடுத்தார். இவரோ, "இல்லைங்க, இது டெஸ்ட் ரிக், சோதனை பண்ற கருவி" என்று ஒவ்வொருவரிடமும் விளக்கிக்கொண்டு வந்தார். யார் கேட்டார்கள்?

கோயில் வாசலில் பஸ்ஸையே நிறுத்தி எங்களை இறக்கிவிட்டார்கள். அத்தனை பேர் பார்க்கும்போது மைதானத்துக்கு நடக்க முடியுமா? உள்ளே போய் அர்ச்சனை செய்தோம். காலுக்கு மாலையும் விபூதியும் ஆயிற்று. வெளியே வந்ததும் இவர் முகம் சுருங்கிவிட்டது. "மாலையோட எடை கணக்குல இல்லையே" என்றார். கழற்ற நான் விடவில்லை. மாலையோடுதான் சோதனை நடந்தது. மைதானத்துக் களிமண்ணில் காலை ஊன்றி, தொடையைப் பிடித்து இவர் முறுக்கினார். பூட்டு விடுபட்டு, கால் அழகாகச் சுழன்றது. கீலுக்கு ஒரு கீறல் இல்லை. எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது என்பதை மறைக்கவில்லை.

தேர்வு நாள். செங்கல்பட்டு மைதானத்தில் நல்ல கூட்டம். வைஷாலி இறங்கினாள், பந்து வந்தது, லேசாகத் திரும்பினாள். டக். மூன்றில் இரண்டு ஸ்டட் ஓட்டுப் போட்டுவிட்டன. என் மகள் நின்ற இடத்தில் பம்பரமாகச் சுற்றினாள். ஏதோ புது உத்தி என்று நினைத்து எதிர் அணிப் பெண் பயந்து விலகினாள். கூட்டம் கைதட்டியது. சுற்றி முடித்து அவள் தொப்பென்று உட்கார்ந்தபோது பந்து மறுகோடியில் இருந்தது.

"வேலை செய்யுது!" என்று இவர் துள்ளிக்கொண்டு உள்ளே ஓடினார். பின்னாலேயே நானும்.

தேர்வாளர் திருவேங்கடம் விசிலை வாயில் வைத்தபடியே வந்தார். "இன்னா சார் நடக்குது இங்க? ஷூவ சரி பண்ணி அனுப்பு. இல்லாங்காட்டி வேற பொண்ண எறக்கிடுவேன்."

ஷூவை மறுபடி பூட்ட ஒரு சாவி உண்டு; இறுகத் திருகினால் பூட்டு விடுபடவே விடுபடாது. அதைத் தொலையாமல் இருக்க இவர் அரைஞாண் கயிற்றில் கட்டியிருந்தார். அதுகூடப் பரவாயில்லை. சாவியை எடுக்காமல், மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு புல்லில் குப்புறப் படுத்துவிட்டார். "எந்த ரெண்டு ஸ்டட் அழுந்துச்சும்மா? காரணம் தெரியாம மறுபடி ஓடவிடக்கூடாது. அதான் விதி."

"அப்பா, பூட்டுங்க."

"காரணம்..."

"காரணம் உங்க பயம்ப்பா!" அவள் கண்ணில் தண்ணீர் கட்டி நின்றது. "நான் திரும்பினாலே இது சுத்துது. திரும்பாம எப்படி விளையாடறது? இனிமே விடுபடாத மாதிரி பூட்டுங்க."

"அப்படிப் பூட்டினா உன் முட்டிக்குக் காவல் கிடையாதும்மா."

"தெரியும். என் முட்டிதானே."

அவர் என்னைப் பார்த்தார். இந்த மனிதர் ஆயுளில் ஒரு பாதுகாப்புப் பூட்டையும் கைவைத்து முடக்கியவர் இல்லை. இத்தனை நாள் கேலி செய்த நான், பூட்டச் சொல்லி, தலையை மட்டும் ஆட்டினேன். செங்கல்பட்டு ஜனம் பார்க்க, சட்டையைத் தூக்கி, பெல்ட்டைத் தளர்த்தி, சாவியை எடுத்தார். துவாரத்தில் நுழைக்கவே முடியவில்லை. வைஷாலி சாவியை வாங்கித் தானே இறுகத் திருகினாள். அதை அவரிடம் திருப்பித் தரவில்லை, சாக்ஸுக்குள் செருகிக்கொண்டு ஓடினாள்.

நாங்கள் வெளியே வந்து நின்றோம். ஆட்டம் முடியப்போகிற நேரம், பந்து அவளிடம் வந்தது. விளிம்போரமாக ஓடிவந்தாள். முன்னால் ஒருத்தி, பக்கத்தில் ஒருத்தி. அவள் தோள் தாழ்ந்தது. எனக்குத் தெரியும், இடது பக்கம் திரும்பப்போகிறாள், அதே மாதிரி, அதே வேகத்தில்.

"திரும்பாதடி!"

அந்தச் சத்தம் என் தொண்டையிலிருந்துதான் வந்தது. வைஷாலி திரும்பினாள். ஸ்டட் மண்ணைப் பிடித்தது, மண்ணை விட்டது. இரண்டு பேரும் அவளுக்குப் பின்னால் நின்றார்கள். அவள் அடித்த பந்து கம்பத்தில் பட்டு வெளியே போனது. கோல் இல்லை. ஆனால் திருவேங்கடம் கையைக் காட்டி அவளைத் தன் பக்கம் வரச் சொன்னார். தேர்வானவர்கள் நிற்கிற பக்கம் அது.

திரும்பிப் பார்த்தால் இவரைக் காணோம். மைதானத்துக்கு முதுகைக் காட்டி, காம்பவுண்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"எடுத்துட்டாங்க" என்றேன்.

"முட்டி?"

"மாவட்ட டீம்ல எடுத்துட்டாங்கன்னு சொல்றேன்."

"முட்டி, பிரபா."

"நல்லாருக்கு. ஓடிட்டிருக்கா பாருங்க."

அவர் பார்க்கவில்லை. வேட்டி விளம்பரம் எழுதிய அந்தச் சுவரைப் பார்த்தே பெருமூச்சு விட்டார். பிறகு அவருக்குக் கோபம் வந்தது. "யாரு அது, திரும்பாதேன்னு கத்தினது? விளையாடற பிள்ளையை அப்படியா பயமுறுத்துறது?"

"யாரோ ஒரு பைத்தியக்காரி" என்றேன்.

அவர் எழுந்து நிற்கக் கை கொடுத்தேன்.