தெற்கு அறைக்கு என்ன நிறம்?

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு ஆஸ்திரேலியாவின் தென்கோடியில், ஹோபார்ட்டில், ஒரு பெயிண்ட் கடை வரிசையில் கிடைத்தது. எனக்கு முன்னால் நின்ற பெரியவர், பிரிக்காத நீல பெயிண்ட் டப்பா ஒன்றைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தார். நிறம் கலந்ததைத் திரும்ப வாங்க மாட்டோம் என்றாள் கடைப் பெண்.

"என் தப்பு இல்லம்மா, புத்தகத்தோட தப்பு" என்றார் அவர்.

எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மீதி என் கைச்சரக்கு.

2

மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில் மெர்வி—

(வேண்டாம். இந்த ஊரில் எப்போதுதான் மழை இல்லை?)

பெரியவருக்கு மெர்வின் என்று பெயர் வைத்தேன்; மனைவியை இழந்தவர். கிளெனிஸ், புல்தரையில் பந்து உருட்டும் பௌல்ஸ் கிளப்பில் அவருக்குப் பழக்கமான பெண்மணி, விரல் மூட்டு வலிக்காரர். "என் வீட்டுக்கே வந்துடேன்" என்று மெர்வின் கேட்டதற்கு, "எனக்குன்னு ஒரு அறை வேணும். பாத்துட்டுச் சொல்றேன்" என்றார்.

மெர்வின் பழைய அலங்காரப் புத்தகம் ஒன்றை வாங்கி எழுத்தெண்ணிப் படித்தார். மஞ்சளும் ஆரஞ்சும் சூடான நிறங்கள், வெயில் வராத அறைக்கு. நீலமும் பச்சையும் குளிர்ந்தவை, வெயில் கொட்டும் அறைக்கு. இதுவரை சரி. அடுத்த வரியில்தான் மனிதர் விழுந்தார்: தெற்குப் பார்த்த அறையில் நாளெல்லாம் வெயில். கிளெனிஸுக்கு ஒதுக்கியது தெற்கு அறை. ஆசை ஆசையாக நீலம் அடித்தார்.

(காலமெல்லாம் அந்த வீட்டில் இருந்தவருக்கு வெயில் எங்கே விழும் என்று தெரியாதா? நானும் அவரை நம்பாமல்தான் பேனாவை மூடினேன். பிறகு தோன்றியது: அறை கிளெனிஸுக்குப் பிடிக்க வேண்டுமே என்ற பயத்தில் அவர் ஜன்னலைப் பார்க்கவே இல்லை.)

3

கிளெனிஸ் வாசலிலேயே கைகளைத் தேய்த்துக்கொண்டார்.

"அடப்பாவி! இது அறையா, ஃபிரிட்ஜா?"

"புத்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கு..."

கிளெனிஸ் அதை வாங்கி முதல் பக்கத்தைப் புரட்டினார். "மெர்வ், இது லண்டன்ல அச்சடிச்சது. அவங்களுக்குச் சூரியன் தெற்கால போகுது. நமக்கு வடக்கால. இந்த வயசுல இதையுமா நான் சொல்லித் தரணும்?"

 இனி கிளெனிஸ் வரமாட்டார் என்று மெர்வின் முடிவுகட்டிவிட்டார். எனக்கே பாவமாக இருந்தது.

4

முடிவு ஒன்று: கிளெனிஸ் சிரித்துவிட்டுக் கிளம்பிப் போ—

(அடித்துவிட்டேன். மனசு வரவில்லை.)

முடிவு இரண்டு: மறுநாள் இருவரும் சேர்ந்து மஞ்சள் அடிக்கிறார்கள்.

(பெயிண்ட் விளம்பரம் மாதிரி இருக்கிறது.)

முடிவு மூன்று:

"இதுல வண்ணச் சக்கரம் இருக்குல்ல, நீலத்துக்கு நேர் எதிர்ல என்ன?" என்று புத்தகத்தை நீட்டினார் கிளெனிஸ்.

"ஆரஞ்சு."

"ரெண்டையும் பக்கத்துல வச்சா?"

"ஒண்ணை ஒண்ணு தூக்கிக் காட்டுமாம்."

"அப்ப போய் என் கார் டிக்கியைத் திற. ஆரஞ்சுக் கம்பளி ஒண்ணு இருக்கு, விரல் நல்லா இருந்தப்பப் பின்னினது."

மெர்வின் திறந்தார். கம்பளி இருந்தது. அதன் அடியில் இரண்டு பெட்டிகளும் ஒரு தலையணையும் இருந்தன. அறையைப் பார்க்கும் முன்பே கட்டிக்கொண்டு வந்திருக்கிறார்! (சத்தியமாக, இந்த வரியை எழுதும்வரை எனக்கும் தெரியாது.)

5

கடையில் பெரியவர் கடைசியில் என்ன நிறம் வாங்கினார் என்று நான் பார்க்கவில்லை, என் முறை வந்துவிட்டது. சுவரை நீங்களே பூசிக்கொள்ளுங்கள். ஜன்னல் எந்தப் பக்கம் என்று மட்டும் பார்த்துவிடுங்கள். பெட்டிகளை நான் ஏற்கெனவே உள்ளே வைத்துவிட்டேன், அதில் மட்டும் கை வைக்காதீர்கள்.