விரல் தெரிகிற வெளிச்சம்

“அம்மா இப்ப என்ன சொன்னாங்க, சொல்லுங்க பாப்போம்.”

“பட்டன் தைக்கிறேன்னு.”

“மூச்சு முட்டுதுன்னு சொன்னாங்க மாமா. நல்லாக் காப்பாத்துனீங்க, போங்க!” என்றாள், இரண்டு அறைக்கும் நடுவே நிலைப்படியில் நின்று அம்மாவை நேரில் பார்த்த அக்கா மகள்.

தம்பிக்காரன் போனைக் கண்ணருகே கொண்டுபோனான். அக்கா முன்னறையில் கேமரா எதிரே நின்றிருந்தாள். பிறவியிலேயே காது கேளாத அவளுக்குப் பேச்செல்லாம் கையால்தான். பின்னறையில் அவன் பார்த்த படத்திலோ ஐந்து விரலும் ஒன்றாகக் குழைந்து, யாரோ ஈரத்துணியை உதறுவதுபோல இருந்தது.

அக்காவின் மகள் நாளைக்கு வேலைக்காக வேறு ஊர் போகிறாள். அப்புறம் அக்கா தனி. போனைப் பிடித்துக்கொண்டு பேசினால் ஒரு கை போய்விடும், பாதிப் பேச்சும் போய்விடும். அதனால்தான் வீட்டுக் காவலுக்கு வைக்கிற கேமராவைச் சுவரில் மாட்டியிருந்தான். அவள் சொல்வது இதில் புரிந்தால், தன் வீட்டில் தன் தையல் மிஷினோடு இருக்கலாம். புரியாவிட்டால் மாலையே தம்பி வீட்டுக்குக் கிளம்பியாக வேண்டும். மூன்று பேரும் பேசி முடித்தது இது. கிளம்புவதில் அக்காவுக்குத் துளியும் இஷ்டமில்லை.

“கடையிலயே இதான் ஒசத்தி. எறும்போட மீசையக்கூட எண்ணலாம்னான்.”

“எறும்பு நின்னா எண்ணலாம். ஓடுனா?”

போனைப் பிடுங்கி, அக்கா மகள் படத்தின் அளவைப் பாதியாகக் குறைத்தாள். அவன் போனைத் திரும்பப் பிடுங்கப் பார்த்தான்.

“பெரிய படத்தத் தூக்க நம்ம வைஃபைக்குத் தெம்பு இல்ல மாமா. அதான் திக்குது. படம் சின்னதா இருக்கட்டும், வேகமா வரட்டும்.”

நொடிக்கு எத்தனை படம் என்பதை ஏற்றினாள். திக்கல் நின்றது. குழைசல் மட்டும் போகவில்லை.

“வெளிச்சம் பத்தல. இருட்டுல கேமரா ஒவ்வொரு படத்துக்கும் ரொம்ப நேரம் கண்ணத் தொறந்து வெச்சிருக்கும். அதுக்குள்ள விரல் எங்கயோ போயிடுது.”

இன்னும் என்னடா பண்றாங்க என்று பார்க்க அக்காவே வந்துவிட்டாள். மகள் கைகளால் விஷயத்தைச் சொன்னாள். அக்கா போனை வாங்கி, தான் நின்ற இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அங்கே ஜன்னல் பளீரென்று எரிந்தது, மற்றதெல்லாம் கரி. நெற்றியில் தட்டிக்கொண்டு முன்னறைக்குத் திரும்பினாள்.

அதன்பிறகு அவள் செய்ததைத் தம்பி வாயைப் பிளந்துகொண்டு திரையில் பார்த்தான். ஜன்னல் கதவைச் சாத்தினாள். மிஷின் விளக்கை எடுத்து, வெளிச்சம் தன் கைமேல் நேராக விழும்படி கேமராவுக்குக் கீழே வைத்தாள். பின்சுவரில் கருநீலத் துணி ஒன்றைத் தொங்கவிட்டாள். பூப்போட்ட சட்டைமேல் அதே நிறத்தில் ஒரு துண்டைப் போர்த்தினாள். பிறகு நாற்காலியில் ஏறி, அவன் மாட்டும்போது லென்ஸில் பதித்திருந்த கட்டைவிரல் ரேகையை மெல்லத் துடைத்தாள். கறுப்புத் துணியில் கறுப்பு நூல் ஓட்டுகிறவளுக்கு வெளிச்சத்தை எங்கே வைப்பதென்று யார் சொல்லித்தர வேண்டும்!

இறங்கி நின்று இரண்டு கையையும் விரித்தாள். பத்து விரலும் தனித்தனியாகத் தெரிந்தன. ஊசி குத்திக் காய்த்த இடம்கூடத் தெரிந்தது. விரல்கள் ஓடின. அவன் உரக்கப் படித்தான்.

“மூச்சு முட்டுது... கதவுக்கு வெளிய நிக்கிறது யாருன்னு தெரியல... உன் தொப்பையக் கொறைடா.”

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

“அடேயப்பா! ஒரு எழுத்து பிசகல. என்ன மூளை எங்க அக்காவுக்கு! இங்கயே இருக்கட்டும், போய்ச் சொல்லு,” என்றான்.

மகள் ஓடிப்போய்ச் சொல்வது படத்தில் தெரிந்தது. அக்கா அவளை இறுக்கிக்கொண்டாள். பிறகு விலக்கிவிட்டு, கேமராவை நேராகப் பார்த்து, நிறுத்தி நிறுத்திக் கையசைத்தாள்.

“உன் வீட்லயும் இதே மாதிரி ஒண்ணு மாட்டு. நான் சொல்றது உனக்குத் தெரிஞ்சாப் போதுமா? நீ எப்படி இருக்கேன்னு நான் பாக்க வேணாமா?”