மாரியாயி போன வழி

1

இந்தக் கதை ஓர் எரிச்சலில் பிறந்தது. “தேயிலைத் தோட்டத்தில் அடிமை ஏது? எல்லாம் ஒப்பந்தக் கூலிதானே?” என்று நண்பர் ஒருவர் கேட்டார். வீட்டுக்கு வந்தும் ஆறவில்லை.

ஓவேலி மலையில் மழை பிடித்துக்கொண்ட ஒரு…

(வேண்டாம். மழையில் தொடங்கினால் முதல் பக்கம் முழுக்க நனைந்துவிடும்.)

வெள்ளைக்காரன் காலம். ஊட்டி மலைப் பக்கம், ஓவேலித் தேயிலைத் தோட்டம் ஒன்றில் ஜெபம் நடத்துகிறவர் உபதேசியார் தேவநேசன். ஒப்பந்தக் கெடு முடியுமுன் தோட்டத்தை விட்டுப் போகிற கூலிக்குச் சிறை என்பதை அவருடைய விசுவாசம் ஏற்கவில்லை. கூலிகளை வேலை வாங்கும் கங்காணி குமாரசாமியிடம் நேராகவே கேட்டார்.

“ஏனுங்க, கர்த்தர் ரத்தங் கொடுத்து வாங்குன ஆளை நீங்க மறுக்கா எப்படிங்க வாங்குவீங்க?”

“அதையத் தொரைகிட்டக் கேளுங்க.”

2

ஜெபத்துக்கு வருகிற மாரியாயி கொழுந்து பறிப்பவள். கைக்குழந்தையைக் கோயமுத்தூர்ப் பக்கம் தாயிடம் விட்டிருந்தாள். “புள்ள காச்சல்ல கெடக்குதாமுங்க. லீவு கேட்டா அடிக்கறாங்க” என்று அழுதாள். ஊட்டி சாலையில் கங்காணியின் ஆட்கள் நிற்பார்கள். தேவநேசன், காவலில்லாமல் சுற்றிப் போகும் தேவாலா ஊர் வழியைச் சொல்லி அனுப்பினார், தனக்கும் சிறை வரலாம் என்று தெரிந்தே.

மறுநாள் ஞாயிறு. பயணம் போகிறவர்களுக்காகப் பெயரும் வழியும் சொல்லி உரக்க ஜெபிப்பது அந்தச் சபையின் வழக்கம். ஆள் குறைகிறதா என்று பார்க்கக் குமாரசாமியும் பின்னால் உட்கார்ந்திருந்தான்.

“கர்த்தாவே, தேவாலா வழியிலே நடக்கிற மாரியாயியின் கால்களை…”

ஆமென் வருமுன் குமாரசாமி எழுந்து போய்விட்டான்.

(இவ்வளவு வெகுளியா ஒரு மனிதர் என்று எனக்கும் சந்தேகம்தான். ஆனால் வருஷக்கணக்காய்ப் பழகிய நாக்கு அது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே கெட்டது வேறொருத்தி.)

சாயங்காலம் அவளை இழுத்து வந்தார்கள். சிறைக்கு அனுப்பினால் கொழுந்து பறிக்க ஒரு கை குறையும் என்று தோட்டத்திலேயே வைத்தார்கள். தேவநேசன் அவள் முன் உடைந்து அழுதார்.

“அழுவாதீங்க உபதேசியாரே. மறுக்கா போறேன். இந்தத் தடவ சாமிகிட்டயும் சத்தமாச் சொல்லிப்போடாதீங்க.”

3

அடுத்த ஞாயிறு அவள் இல்லை. குமாரசாமி முன்வரிசையில்.

“ஜெபம் பண்ணுங்க.”

முடிவு ஒன்று: உபதேசியார் பொய் வழி சொல்கிறார். (கடவுளிடமே பொய்யா? அவர் சொல்ல மாட்டார். அந்த வரியை அடித்துவிட்டேன்.)

முடிவு இரண்டு: ஊமையாக நிற்கிறார், உதை…

(அதுவும் இல்லை.)

தேவநேசன் கண்ணை மூடினார். “கர்த்தாவே, உமக்குத் தெரியும். ஆமென்.”

சபையே “ஆமென்” என்றது. குமாரசாமி அவர் சட்டையைப் பிடித்தான். அவர் மறுபடியும் “ஆமென்” என்றார். இப்போது அவன் என் பக்கம் திரும்புகிறான். எழுதுகிறவனுக்குத் தெரியாமல் இருக்குமா என்று கேட்கிறான்.

தெரியும். ஆனால் அவள் இன்னும் வீடு போய்ச் சேரவில்லை. அவள் போகிற வழியை நீங்கள் ஊகித்திருந்தால், தயவுசெய்து வாய்விட்டுப் படிக்காதீர்கள்.